காதுல க்ரோமெட் வெச்ச பிள்ளையை வீட்ல எப்படிப் பாத்துக்கறது

கிரெச் போற வயசுல சளி, காது வலி, ஆன்டிபயாடிக், மறுபடி சளின்னு சுத்திச் சுத்தி கடைசில க்ரோமெட்ல, அதாவது காது டிரம்ல ஆபரேஷன் பண்ணி வைக்கிற சின்ன ட்யூப்ல, வந்து நிக்கிற வீடு இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல எனக்குத் தெரிஞ்சே நிறைய இருக்கு, எங்க வீடும் அதுல ஒண்ணு. ஆபரேஷன் பத்தி டாக்டர் எல்லாம் சொல்லிடுவார், ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் ராத்திரி 10 மணிக்கு காதுலேர்ந்து ரோஸ் கலர்ல தண்ணி வந்தா என்ன பண்றது, ஊர்லேர்ந்து வீடியோ கால்ல அத்தை "எண்ணெய் விடு"ன்னு சொன்னா என்ன பதில் சொல்றது, இதெல்லாம் நாமதான் பாத்துக்கணும். அதுக்காகத்தான் இதை எழுதறேன். உங்க டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா அவர் சொன்னதையே கேளுங்க, பிள்ளையோட காதைப் பாத்தவர் அவர்தான்.

மத்ததெல்லாம் மறந்தாலும் இது ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: டாக்டர் எழுதிக் குடுத்த ட்ராப்ஸைத் தவிர வேற எதுவும் காதுக்குள்ள போகக்கூடாது. நல்லெண்ணெய் கூடாது, தேங்காய் எண்ணெய் கூடாது, பூண்டு தட்டிப்போட்டு சுட வெச்ச எண்ணெய் கூடாது, தாய்ப்பால் கூடாது, பட்ஸ் கூடாது, துண்டு நுனியை முறுக்கி விட்டுத் துடைக்கறதும் கூடாது. ஏன்னா காது டிரம்ங்கறது வெளிப்பக்கத்தையும் நடுக்காதையும் பிரிக்கிற ஒரு சவ்வு, சாதாரணமா நாம எது ஊத்தினாலும் அதைத் தாண்டிப் போகாது. க்ரோமெட் வெச்சப்புறம் அந்தச் சவ்வுல ஒரு சின்ன ஓட்டை எப்பவும் திறந்தே இருக்கு, 1, 2 மில்லிமீட்டர் அளவுதான், ஆனா விட்ட எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போறதுக்கு அது போதும், அங்க போனா ட்யூப் அடைக்கும், இன்ஃபெக்ஷன் வரும்.

எங்க பக்கத்து வீட்டு ஆயா இங்கயே பொறந்து வளர்ந்தவங்க, அவங்க பாட்டி காலத்துலேர்ந்து வர்ற கைவைத்தியம் எல்லாம் அத்துப்படி. "கண்ணு, கொஞ்சம் எண்ணெயை வெதுவெதுன்னு பண்ணி ரெண்டு சொட்டு விடு, வலி ஓடிப்போயிடும்"னு பாசமாத்தான் சொன்னாங்க. "ஆயா, உள்ள ட்யூப் இருக்கு, எண்ணெய் விட்டா அடைச்சுக்கும், டாக்டர் கண்டிப்பா கூடாதுன்னுட்டார்"னு சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க. பெரியவங்ககிட்ட காரணத்தோட சொல்லிடுங்க, முக்கியமா நீங்க வேலைக்குப் போறப்ப பிள்ளையைப் பாத்துக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

அதே மாதிரி ஊர்லேர்ந்து கொண்டு வந்த மருந்துப் பை. நம்ம எல்லார் வீட்லயும் ஒண்ணு இருக்கும், அதுல ஏதாவது ஒரு காது ட்ராப்ஸும் இருக்கும். அதை எடுக்காதீங்க. ஜென்டாமைசின், நியோமைசின் இருக்கிற ட்ராப்ஸ் டிரம்ல ஓட்டை இருக்கிற காதுல உள்காது வரைக்கும் போயி கேக்கற சக்தியையே கெடுக்க வாய்ப்பு இருக்கு, அழுக்கு கரைக்கற ட்ராப்ஸும் டிரம் முழுசா இருக்கிறவங்களுக்குத்தான். க்ரோமெட் இருக்கிற காதுக்கு டாக்டருங்க வழக்கமா குடுக்கறது சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை, சில சமயம் அதோட ஸ்டீராய்டு சேத்தது. பேர் தெரியலைன்னா பாட்டிலை க்ளிக்ஸ்லயோ டிஸ்கெம்லயோ மருந்து கவுன்டர்ல காட்டி "க்ரோமெட் இருக்கு, இது விடலாமா"ன்னு கேளுங்க, சொல்லிடுவாங்க.

சரி, முதல் நாளுக்கு வருவோம். ஆபரேஷன் 10, 15 நிமிஷ வேலைதான், டிரம்ல சின்னதா கீறி உள்ள பசை மாதிரி நிக்கிற தண்ணியை உறிஞ்சி எடுத்துட்டு ட்யூபை சொருகிடறாங்க, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நம்மளை நிலைகுலைய வைக்கிறது மயக்கம் தெளியற நேரம்தான். சில பிள்ளைங்க கண்ணைத் திறந்தும் நம்மளை அடையாளம் தெரியாத மாதிரி கத்தும், கையைக் காலை உதறும், தூக்கினாலும் அழும் தூக்காட்டியும் அழும், அது வலியால மட்டும் இல்ல, மயக்க மருந்து தெளியறப்ப சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற ஒரு குழப்பம், அரை மணி ஒரு மணி நேரத்துல தானா அடங்கிடும். விளக்கு வெளிச்சம் குறைச்சலா, அதிகம் பேச்சு இல்லாம மடியில வெச்சிருந்தா போதும், நீங்க பதறாதீங்க.

கார்ல வர்றப்ப முடிஞ்சா பின் சீட்ல பிள்ளை பக்கத்துல ஒரு ஆள் உக்காருங்க, தலை முன்னாடி சாஞ்சு விழாம பாத்துக்கலாம், வாந்தி வந்தாலும் கவனிக்கலாம். ஒண்ணு ரெண்டு தடவை வாந்தி வர்றது சகஜம். முதல்ல தண்ணி, ஆப்பிள் ஜூஸ், இல்லாட்டி ஆறின ரூய்போஸ் டீ கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, அது தங்குச்சுன்னா கஞ்சி, இட்லி, ரஸ்க், அதுவும் தங்குச்சுன்னா வழக்கமான சாப்பாடு, க்ரோமெட்டுக்குன்னு பத்தியம் எதுவும் கிடையாது. அன்னைக்கு முழுக்க நடை கொஞ்சம் தள்ளாடும், மாடிப்படி, பாத்ரூம், ட்ராம்போலின் பக்கம் தனியா விடாதீங்க. மறுநாள் பெரும்பாலான பிள்ளைங்க எதுவுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பிச்சிடும், கிரெச்சுக்கும் ஒண்ணு ரெண்டு நாள்ல அனுப்பிடலாம். கூடவே அடினாய்டும் (மூக்குக்குப் பின்னாடி இருக்கிற சதை) எடுத்திருந்தா கதை வேற, தொண்டை வலி, வாய் நாத்தம், கொஞ்ச நாள் ரெஸ்ட் எல்லாம் இருக்கும், மூக்குல வாயில ரத்தம் வந்தா நேரா ஆஸ்பத்திரிதான்.

வலி பெருசா இருக்காது. இருந்தா பனாடோ (பாராசிட்டமால்) சிரப் போதும், ஆனா "அரை மூடி, ஒரு மூடி"ன்னு ஊத்தாதீங்க, பிள்ளை எடைக்குத்தான் கணக்கு. பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது 16 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிகிராம், 5 மில்லில 120 இருக்கிற பிள்ளைங்க சிரப்னா 10 மில்லி, 4லேர்ந்து 6 மணி நேர இடைவெளில, 24 மணி நேரத்துல 4 தடவைக்கு மேல கூடாது. இங்கயும் ஊர்லேர்ந்து வந்த பாட்டில்தான் சிக்கல், அங்க 5 மில்லில 250 மில்லிகிராம் இருக்கிற சிரப்பும் விக்குது, இங்கத்த அளவுல அதைக் குடுத்தா டபுள் டோஸ் ஆயிடும். சளி சிரப் சிலதுலயும் பாராசிட்டமால் இருக்கும், ரெண்டையும் சேத்துக் குடுத்துடாதீங்க, லேபிளைப் படிங்க. ஆஸ்பிரின் பிள்ளைங்களுக்குக் கூடவே கூடாது, இங்க பெட்டிக்கடை வரைக்கும் கிடைக்கிற கிராண்ட்பா பவுடர்லயும் ஆஸ்பிரின் இருக்கு, அதனால "கால் பாக்கெட் குடுத்தா சரியாப் போயிடும்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

காதுலேர்ந்து என்ன வரும்? முதல் ரெண்டு மூணு நாளுக்கு தெளிவா, இல்ல ரோஸா, இல்ல கொஞ்சம் ரத்தம் கலந்து வரலாம், தலையணை உறையில கறை பாத்துப் பயப்படாதீங்க. வெளிய வந்ததை மட்டும் டிஷ்யூவால ஒத்தி எடுங்க, காது மடலை வெதுவெதுப்பான ஈரத்துணியால துடைங்க, உள்ள போகாதீங்க.

இப்போ ட்ராப்ஸ், இதுலதான் நிறைய பேர் தடுமாறுறாங்க, மருந்து வெளிக்காதுலயே தங்கிட்டு ட்யூபைத் தாண்டி உள்ள போகாமலே வீணாப் போயிடும். முதல்ல பாட்டிலை உள்ளங்கைக்குள்ள ரெண்டு நிமிஷம் பிடிச்சு வெச்சுக்கோங்க, சில்லுன்னு விட்டா பிள்ளைக்கு தலை சுத்தும், அடுத்த தடவை பாட்டிலைப் பாத்தாலே ஓடும். காது வாசல்ல சீழோ தண்ணியோ நின்னா அதை ஒத்தி எடுத்துட்டுத்தான் விடணும், இல்லாட்டி மருந்து அதுக்கு மேலயே மிதக்கும். பிள்ளையை ஒருக்களிச்சு படுக்க வைங்க, மூணு வயசுக்குள்ளன்னா காது மடலை மெதுவா பின்னாடியும் கீழயும் இழுங்க, பெரிய பிள்ளைன்னா பின்னாடியும் மேலயும். பாட்டில் நுனி காதுல படாம சொன்ன அளவு சொட்டு விடுங்க. அப்புறம் காது ஓட்டைக்கு முன்னாடி, கன்னத்துப் பக்கம் முக்கோணமா ஒரு சின்ன குருத்தெலும்பு துருத்திக்கிட்டு இருக்கும் பாருங்க, அதை விரலால உள்பக்கமா அமுக்கி அமுக்கி விடணும், நாலஞ்சு தடவை. அமுக்கறப்ப மருந்தோட மட்டம் லேசா இறங்கறது, சின்னக் குமிழ் ஒண்ணு மேல வந்து உடையறது கண்ணுக்கே தெரியும், அப்படின்னா உள்ள போகுதுன்னு அர்த்தம். ஒண்ணு ரெண்டு நிமிஷம் அப்படியே படுக்க வெச்சிருங்க, ஒரு கதை சொன்னா நேரம் போயிடும். அப்புறம் "தொண்டையில கசக்குது"ன்னு பிள்ளை மூஞ்சியைச் சுளிக்கலாம், அது நல்ல அறிகுறிதான், காதுலேர்ந்து மூக்குக்குப் பின்னாடி போற குழாய் வழியா மருந்து இறங்கியிருக்கு, ட்யூப் திறந்து இருக்குன்னு அர்த்தம். ஒரு வாய் தண்ணி குடுங்க.

எத்தனை நாள்னு சீட்டுல இருக்கோ அத்தனை நாள் விடுங்க, மிச்சம் இருக்கேன்னு அதுக்கு மேல விட்டுக்கிட்டே இருக்காதீங்க, ரொம்ப நாள் விட்டா காதுல பூஞ்சை வர சான்ஸ் இருக்கு.

அடுத்தது தண்ணி, டர்பன்ல இருந்துகிட்டு இதைப் பேசாம இருக்க முடியாது, பிள்ளைங்க பாதி நாள் கடல்லயும் பூல்லயும்தான் இருக்கும். பழைய அட்வைஸ் என்னன்னா க்ரோமெட் இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது. இப்போ அமெரிக்க இஎன்டி சங்கத்தோட 2013 வழிகாட்டியும், அதை 2022ல புதுப்பிச்சதும் எல்லாப் பிள்ளைக்கும் காதை அடைக்கிற ப்ளக் கட்டாயம் இல்ல, நீச்சலை நிறுத்த வேண்டாம்னுதான் சொல்லுது. 2005ல வந்த ஒரு ஆய்வுல ஒரே ஒரு இன்ஃபெக்ஷனைத் தடுக்கணும்னா ஒரு பிள்ளை சராசரியா 2.8 வருஷம் ப்ளக் போட்டிருக்கணும்னு கணக்கு வந்துச்சு. அதுக்காக ஆபரேஷன் முடிஞ்ச வாரமே பூல்ல இறக்கணும்னு இல்ல, நிறைய டாக்டருங்க முதல் ரெண்டு மூணு வாரம் காதை நனைக்காம வெச்சுக்கச் சொல்றாங்க, உங்களுக்கு எத்தனை வாரம்னு டிஸ்சார்ஜ் ஆகறப்பவே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

அதுக்கப்புறம் என் அபிப்பிராயம், சுத்தமா குளோரின் போட்ட பூல்ல மேலாப்ல நீந்தறது பரவாயில்ல. குதிக்கறது, ஆழத்துக்கு முங்கறது வேண்டாம், ஆழத்துல தண்ணியோட அழுத்தம் ட்யூப் வழியா தள்ளும். கடல் விஷயத்துல நான் கொஞ்சம் கறார். 2022 ஏப்ரல் வெள்ளத்துல கழிவுநீர் பிளான்ட்டெல்லாம் சேதமாகி ஈ கோலைங்கற மலக்கிருமி அதிகமாகி பீச்சையே மூடி வெச்சது நமக்கெல்லாம் தெரியும், இப்பவும் மழை கொட்டின அடுத்த நாள் ஆத்து முகத்துவாரம் பக்கம் தண்ணி என்ன நிறத்துல இருக்குன்னு பாத்தாலே தெரியும். மழைக்கு அப்புறம் கடல், ஆறு, டேம், தேங்கின தண்ணி எதுலயும் க்ரோமெட் இருக்கிற பிள்ளையை தலை நனைய விடாதீங்க. தண்ணி பட்டா காது வலிக்குதுன்னு சொல்ற பிள்ளை, அடிக்கடி சீழ் வர்ற பிள்ளை, இவங்களுக்கு மட்டும் ப்ளக் வாங்குங்க, மேல ஒரு ஹெட்பேண்ட் போட்டா நழுவாது.

பூலை விட வீட்டு பாத்டப்தான் யோசிக்க வேண்டியது, ஏன்னா சோப்பு கலந்த தண்ணி வெறும் தண்ணியை விட சுலபமா அந்தச் சின்ன ஓட்டையில நுழைஞ்சிடும். அதனால டப்ல தலையை முக்கி விளையாட வேண்டாம், முதல்ல தலையை அலசிடுங்க, அப்புறமா உடம்புக்கு சோப்பு போடுங்க. தலைக்கு ஊத்தறப்ப மட்டும் பஞ்சுல வாசலின் தடவி காது வாசல்ல வைங்க, உள்ள திணிக்க வேண்டாம், முடிஞ்சதும் எடுத்துடணும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், தீபாவளி எண்ணெய் எல்லாம் விட்டுட முடியாது, டாக்டர் சொன்ன வாரங்கள் முடிஞ்சப்புறம் உச்சந்தலையில வழியாத அளவுக்கு தடவுங்க, வாசலின் பஞ்சு காதுல இருக்கட்டும், ஷாம்பூவை தலையைப் பின்னாடி சாய்ச்சு அலசுங்க. குளிச்சு முடிச்சதும் காதுல "உஃப்"னு ஊதற பழக்கமும் வேண்டாம்.

சத்தம் பத்தி யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. நடுக்காதுல தண்ணி நிக்கிற பிள்ளைக்கு கேக்கறது 20, 30 டெசிபல் வரைக்கும் குறைஞ்சிருக்கலாம், அதாவது நாம ரெண்டு காதையும் விரலால அடைச்சுக்கிட்டா எப்படியோ கிட்டத்தட்ட அப்படித்தான் அது மாசக்கணக்கா இருந்திருக்கு. ஒரே நாள்ல அடைப்பு போனதும் எல்லாம் பெருசாக் கேக்கும். விடியக்காலையில கூரை மேல ஹடீடா பறவைங்க கத்துமே, நமக்கெல்லாம் பழகிப்போன சத்தம், எங்க பையன் அதுக்கு திடுக்குன்னு எந்திரிச்சு என் நைட்டியைப் பிடிச்சுக்கிட்டு "யாரும்மா திட்றாங்க"ன்னு கேட்டான். மிக்ஸி, குக்கர் விசில், டாய்லெட் ஃப்ளஷ் எல்லாத்துக்கும் காதைப் பொத்தினான். ஒரு வாரம் பத்து நாள்ல பழகிடும், அதுவரைக்கும் டிவி சத்தத்தை பழைய நம்பர்ல வைக்காதீங்க, மிக்ஸி போடறதுக்கு முன்னாடி "சத்தம் வரப்போகுது"ன்னு சொல்லுங்க, தைப்பூசக் காவடில உறுமி மேளத்துக்குப் பக்கத்துல, தீபாவளிக்கு சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வெடிக்கிற இடத்துல தூக்கிக்கிட்டு நிக்காதீங்க.

பேச்சு லேட்டா வந்த பிள்ளைன்னா இதுதான் நல்ல காலம், முகத்துக்கு நேரா உக்காந்து நிறைய பேசுங்க. வீட்ல தமிழ், கிரெச்ல இங்கிலீஷ்னு ரெண்டு மொழி இருக்கறதாலதான் பேசலைன்னு யாராவது சொன்னா தமிழை நிறுத்திடாதீங்க, கேக்காததுதான் காரணமா இருந்திருக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் ஆடியாலஜிஸ்ட்கிட்ட ஒரு ஹியரிங் டெஸ்ட் கண்டிப்பா எடுங்க, கேக்கறது சரியாகியும் சில மாசத்துல பேச்சு நகரலைன்னா ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்க.

க்ரோமெட் வெச்சாச்சு, இனிமே காது இன்ஃபெக்ஷனே வராதுன்னு நினைச்சுடாதீங்க, வரும், ஆனா முன்ன மாதிரி உள்ளயே அடைச்சு உயிர் போற வலி இருக்காது, மஞ்சளாவோ பச்சையாவோ நாத்தத்தோட வெளிய வடியும். பிள்ளை நல்லா விளையாடிக்கிட்டு, பெரிய காய்ச்சல் இல்லாம இருந்தா இதுக்கு ஆன்டிபயாடிக் ட்ராப்ஸ்தான் மருந்து, வாய்வழி ஆன்டிபயாடிக் சிரப்பை விட அது நேரா இடத்துக்குப் போயி வேலை செய்யும். டாக்டருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டு ஆரம்பிங்க. ஒரு வாரம் ஆகியும் நிக்கலைன்னா காட்டணும், உள்ள உறிஞ்சி சுத்தம் பண்ண வேண்டியிருக்கும்.

எப்போ காத்திருக்கக் கூடாதுன்னா, காதுக்குப் பின்னாடி செவந்து வீங்கி மடல் முன்னாடி தள்ளிக்கிட்டு வந்தா, மூஞ்சி ஒரு பக்கம் கோணினா, கழுத்து விறைச்சா, எழுப்பினா எந்திரிக்காம சோர்ந்து கிடந்தா, வாந்தி நிக்காம தண்ணிகூட தங்கலைன்னா, ஒண்ணுக்கே போகலைன்னா, ரத்தம் சொட்டு சொட்டா நிக்காம வந்தா, காய்ச்சல் 38.5க்கு மேல போயி மருந்துக்கும் அடங்கலைன்னா, ராத்திரியா இருந்தாலும் கெளம்புங்க. ஆம்புலன்ஸுக்கு 10177, செல்லுலேர்ந்து 112.

மறுபடி மறுபடி வராம இருக்க வீட்ல செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. சிகரெட் புகை முக்கியம், பால்கனில நின்னு பிடிச்சாலும் சட்டையில ஒட்டிக்கிட்டு வருது, அப்பா, மாமா, தாத்தா யாரா இருந்தாலும் இதுல தயவு பாக்காதீங்க. சாம்பிராணி போடறப்ப ஜன்னலைத் திறந்து வெச்சு பிள்ளையை வேற ரூம்ல விடுங்க. படுத்துக்கிட்டே பாட்டில் குடிக்கிற பழக்கத்தை நிறுத்துங்க. பிள்ளையோட தடுப்பூசியெல்லாம் குறிக்கிற ரோட் டு ஹெல்த் புக்கை எடுத்து நியூமோகாக்கல் தடுப்பூசி விட்டுப்போகாம போட்டிருக்கான்னு பாருங்க, இந்த நாட்ல 2009லேர்ந்து அரசாங்க அட்டவணையிலயே இருக்கு, கிளினிக்ல இலவசம். ஜூன், ஜூலைல சளி சீசன் வர்றதுக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி பத்தியும் கேளுங்க.

லீவுக்கு ஊருக்குப் பறக்கறது பத்தி பயம் வேண்டாம், திறந்த ட்யூப் இருக்கிற காதுல காத்து அழுத்தம் தானா சமமாயிடும், முன்னாடி ஃப்ளைட் இறங்கறப்ப காதைப் பிடிச்சுக்கிட்டு அழுத பிள்ளை இப்போ தூங்கிக்கிட்டே வரும். ட்ராப்ஸை மட்டும் செக்-இன் பேக்ல போடாம கைப்பைல வெச்சுக்கோங்க, ஊர்ல கிணத்துல குளத்துல முங்கறதுக்குக் கண்டிப்பா தடை போடுங்க.

செக்கப்பை "பிள்ளை நல்லாத்தானே இருக்கு"ன்னு விட்டுடாதீங்க. முதல் மூணு மாசத்துக்குள்ள ஒரு தடவை, அப்புறம் ட்யூப் விழற வரைக்கும் 4, 6 மாசத்துக்கு ஒரு தடவை, ஏன்னா ட்யூப் அடைச்சிருக்கான்னு வெளிலேர்ந்து நமக்குத் தெரியாது. சாதாரண க்ரோமெட் 6 மாசத்துலேர்ந்து ஒன்றரை வருஷத்துக்குள்ள டிரம் தானா வெளிய தள்ளிடும், காது அழுக்கோட வந்து தலையணைல கிடக்கும், பாதி நேரம் நாம பாக்கக்கூட மாட்டோம். விழுந்ததைப் பாத்தா அவசரமா ஓட வேண்டியதில்ல, எந்தக் காதுன்னு குறிச்சு வெச்சு அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல சொல்லுங்க, டிரம்ல ஓட்டை மூடிடுச்சான்னு பாத்து இன்னொரு ஹியரிங் டெஸ்ட்டும் எடுப்பாங்க. சில பிள்ளைங்களுக்கு திரும்பவும் தண்ணி சேந்து ரெண்டாவது தடவை வைக்க வேண்டி வரும், டிவி சத்தத்தை மறுபடி ஏத்தறது, கூப்பிட்டா திரும்பாம இருக்கறது, "ஆங்? என்ன?"ன்னு அடிக்கடி கேக்கறது இதெல்லாம் பாத்தீங்கன்னா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே தேதி வாங்கிடுங்க.